மதியக் கொடையில் கேட்ட கித்தார்

அம்பாசமுத்திரம்
9.3.2025

மருமக சுகன்யாவுக்கு,

ஒன் அம்மை சந்தனமாரிக்கு அண்ணன், காது அவிஞ்ச தளவாய் எழுதுத காயிதம். இங்கன நானும் என் முட்டுவலியும் ஒண்ணையொண்ணு விட்டுப் பிரியாம சொகமா இருக்கோம். டவுண்ல நீயும் ஒன் கித்தாரும் சொகமா? மாசிப் பனியில அதுக்கு சளி கிளி பிடிக்கலையே?

போன மாசம் முதுகுல ஒரு கருப்புப் பையைச் சொமந்துட்டு நீ பஸ்ஸவிட்டு எறங்குனியே, அதைப் பாத்துட்டு டீக்கடையில ஒருத்தன் கேக்கான், "ஏ தளவாய், ஒம்ம மருமக டப்பாவ மாட்டிட்டு வயலுக்கு மருந்தடிக்கப் போறாளா வே?"ன்னு. வயலுக்கு இல்லலே, ஊருக்கே மருந்தடிக்கப் போறான்னு சொல்லிட்டு வந்தேன்.

போன்ல பேசுனா என்னன்னு கேப்பே. மாஞ்சோலை ஃபாக்டரியில தேயில நசுக்குத மிஷினுக்குப் பக்கத்துல முப்பத்தெட்டு வருசம் நின்ன காதுட்டி இது. வலது காது போயே போச்சு. இடது காதுல நீ பேசுனா ஓட்டு மேல மழை பெய்யுத மாதிரி இருக்கு. அதனால காயிதம் போடு. அஞ்சாங்கிளாஸ்காரன் எழுத்துல தப்பு இருந்தா எங்க வாத்தியாரு வந்து கேக்கட்டும். அவரு போயி நாப்பது வருசமாச்சு, பயமில்ல.

வீட்டுக்குள்ளயே பாட்டு பதியுத ஆபீசு போட்டுருக்கியாமே. நெசமா? சினிமாக்காரன் எவனும் வந்து கையெழுத்து கேட்டா, தாய்மாமன் கையெழுத்து போடுவான்னு சொல்லு. நீ அடிக்கித பாட்டை எனக்கு ஒரு தடவ போட்டுக் காட்டணும். காது கேக்காதவனுக்கு எதுக்குன்னு கேக்காத. கேக்காதவனுக்குத்தான் ஆசை ஜாஸ்தி.

நேரத்துக்கு சாப்பிடு. மெலிஞ்சா கித்தாரு ஒன்னையத் தூக்கிட்டு நடக்கணும்.

ஒன் மாமன்
தளவாய்


திருநெல்வேலி டவுண்
2.4.2025

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் வைத்துப் படித்துவிட்டேன். ரத்தம் கொடுக்க வந்தவர் என் சிரிப்பைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். நான் நன்றாக இருக்கிறேன். கித்தாருக்கும் சளி இல்லை. முட்டுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா, அல்லது பாட்டிலை ஜன்னலில் வைத்து அழகு பார்க்கிறீர்களா? அம்மா திருப்பூரில் அண்ணன் வீட்டில் சௌக்கியம்.

ஆபீசும் இல்லை, ஸ்டூடியோவும் இல்லை மாமா. தெற்கு ரத வீதியில் நான் வாடகைக்கு இருக்கும் அதே மாடி அறைதான். ஒரு லேப்டாப், ஒரு மைக், அரிசி டின் அளவுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர். அந்த ஆம்ப்ளிஃபயரை மர பீரோவுக்குள் வைத்து, முன்னால் மைக்கை நிறுத்தி, மேலே அம்மாவின் ஜமுக்காளத்தைப் போட்டு மூடியிருக்கிறேன். டியூப் லைட் எரிந்தால் உய் என்று ஒரு சத்தம் பதிகிறது. அதனால் இருட்டில் வாசிக்கிறேன்.

நான் வாசிப்பது தாலாட்டு மாதிரி இருக்காது. ஆம்ப்ளிஃபயர் தாங்கும் அளவுக்கு மேல் சத்தத்தை அதற்குள் தள்ளினால் அது முறுகி, கிழிந்து, உறுமும். வேண்டுமென்றே அப்படிச் செய்வது. டிஸ்டார்ஷன் என்று பெயர். அறையில் நின்று கேட்டால் புலி மாதிரி இருக்கிறது. பதிந்து கேட்டால் அப்பளம் பொரிகிற மாதிரி இருக்கிறது. ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை. கீழ்வீட்டு பட்டாபி சார் நேற்று மாடிப்படியில் நின்று, "ஏம்மா, மிக்ஸி ஜார்ல ஸ்பூன் மாட்டிண்டுடுத்தா?" என்று கேட்டார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டேன்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் ஸ்டெபி என்ற பெண் ஒரு பாட்டுக் குழு நடத்துகிறாள். கித்தார் வாசிக்க ஆள் தேடுகிறார்கள். மூன்று நிமிடம் வாசித்துப் பதிந்து, செப்டம்பர் முடிவதற்குள் அனுப்ப வேண்டும். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நான் வாசிப்பதை இதுவரை யாரும் முழுசாகக் கேட்டதில்லை. அதனால் இப்போது கேட்காதீர்கள். சரியாக வரட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்
சுகன்யா


அம்பாசமுத்திரம்
20.4.2025

புலியைப் பிடிக்கப் போயி அப்பளம் பொரிச்ச மருமகளுக்கு,

மாமன் நல்லா இருக்கேன். தைலம் தேய்க்கேன். பாட்டிலும் அழகாத்தான் இருக்கு.

ஒன் காயிதத்தை ரெண்டு வாட்டி வாசிச்சேன். நல்ல சாமானா வாங்கி, அதை வேணும்னே கிழிய வைக்கியாக்கும். எங்க ஃபாக்டரியில பெல்ட்டு கிழிஞ்சா சூப்பர்வைசர் வையுத வையில மலையே எறங்கி ஓடும். ஒனக்குக் கிழிஞ்சாத்தான் வேலை குடுப்பாவளாம். கலிகாலம்னு சொல்லலாம்னு பாத்தேன், சொன்னா கெழவன்னு ஏசுவே.

ஏட்டி, இருட்டுல ஒக்காந்து பீரோவப் பாத்து வாசிக்கியே, அந்த பட்டாபி சாரு ஒன்னையக் கோட்டிக்காரின்னு நெனச்சு வீட்டைக் காலி பண்ணச் சொல்லிரப் போறாரு. அப்படிச் சொன்னா இங்கன வந்துரு. ரெண்டாவது அறையில ஆட்டுக்குத் தழை கெடக்கு. ஓரமா ஒதுக்கித் தாறேன். ஆடு ஒண்ணும் சொல்லாது.

சரி, வெளையாட்டு போதும். யாரும் கேக்காத பாட்டை யாருக்கு வாசிக்கே? மொதல்ல ஒருத்தன் கேக்கணும்லா. காது அரைவாசி போனவன் கேட்டா அரைவாசி வெக்கம்தான். எனக்குக் குடுத்துவிடு. முப்பிடாதி அம்மன் மேல சத்தியமா ஒருத்தன்ட்டயும் காட்ட மாட்டேன். பென் டிரைவு போடுத ரேடியோ ஒண்ணு வச்சிருக்கேன், மறந்துட்டியா? போன பொங்கலுக்கு நீ வாங்கிக் குடுத்ததுதான்.

வெயில்ல அலையாத. மோர் குடி.

மாமன்
தளவாய்


திருநெல்வேலி டவுண்
15.6.2025

அன்புள்ள மாமா,

பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் கோபிக்காதீர்கள். நலமாக இருக்கிறேன். லேபில் ஆள் குறைவு, காய்ச்சல்காரர்கள் அதிகம். உங்களுக்கு இருமல் என்று அம்மா போனில் சொன்னாள். குறைந்ததா?

நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பாபநாசம் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் அசன் முகம்மது அண்ணன் உங்களிடம் ஒரு பென் டிரைவ் தருவார். அதில் ஒரே ஒரு கித்தார். டிரம் இல்லை, வேறு எதுவும் இல்லை. இதே வாசிப்பை இன்னொரு தடவை வாசித்துப் பதிந்து, ஒன்றை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் வைத்தால்தான் பாட்டு நிமிரும். இது உப்புப் போடாத குழம்பு. கிழிசலைக் குறைக்க வேண்டும் என்று பதிவு தெரிந்தவர்கள் எல்லாரும் இணையத்தில் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. ஆம்ப்ளிஃபயர் திருகைக் கடைசி வரைக்கும் திருப்பியே வைத்திருக்கிறேன்.

மாமா, விளையாட்டு இல்லாமல் ஒன்று. இது உங்களுக்கு மட்டும். டீக்கடையில் போடாதீர்கள். சாவடியில் போடாதீர்கள். பக்கத்து வீட்டுக்கும் வேண்டாம். முடிந்த பிறகு நானே எல்லாருக்கும் போட்டுக் காட்டுவேன். முடியாததைக் காட்டுவது குளித்துக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்த மாதிரி.

இருமலுக்கு வெந்நீர் குடியுங்கள்.

உங்கள் மருமகள்
சுகன்யா


அம்பாசமுத்திரம்
6.7.2025

மருமகளுக்கு,

இருமலு போச்சு. நான்தான் பாக்கி. நீ சொகமா?

அசன் முகம்மது பஸ்ஸ நிப்பாட்டி, ஜன்னல் வழியா கையில குடுத்துட்டு, "பெரியவரே, இது வெடிக்குமா?"ன்னு கேட்டாரு. போட்டாத்தான் தெரியும்னேன்.

போட்டேன். நாலு தடவ கேட்டேன். பெருமைப்பட்டுக்கிடாத. மொத தடவ ரேடியோ கெட்டுப்போச்சோன்னு பாக்க. ரெண்டாவது தடவ, கெடலைன்னு உறுதி பண்ண. மூணாவது தடவ காதுக்குச் சரியா எட்டலைன்னு ரேடியோவ இரும்புக் கட்டில் மேல வச்சு, நான் அதுல மல்லாந்து படுத்துக் கேட்டேன். கட்டிலு அதிருது, முதுகு அதிருது, ஆடு கயித்த அத்துட்டு ஓடிருச்சு. அதைப் பிடிச்சுக் கட்டிட்டு நாலாவது தடவ. ஆடு கேட்டுச்சு, எனக்கில்ல.

தகர வியாபாரி வீட்டுக் கல்யாணம் மாதிரி இருக்கு. வேற என்ன சொல்ல.

ஆடி மாசம் 13, இங்கிலீசு 29, செவ்வாக்கிழமை முப்பிடாதி அம்மன் கோயில் கொடை. மதியக் கொடைக்கு வந்துரு. வில்லுப்பாட்டு இருக்கு. ஒனக்குப் பிடிச்ச மஞ்சப் பாயசம் நானே வைக்கேன். வேலை இருக்குன்னு சொல்லாத. ஊருல ரத்தம் ஒரு நாளைக்கு ஒடம்புக்குள்ளயே இருக்கட்டும்.

மாமன்
தளவாய்


அம்பாசமுத்திரம்
3.8.2025

மருமக சுகன்யாவுக்கு,

மாமன் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கணும்.

கொடை நல்லபடியா முடிஞ்சுது. நீ வரல. லேபுல லீவு குடுத்துருக்க மாட்டாவ, தெரியும். வராததும் ஒரு வகைக்கு நல்லதுதான். வெயிலு பயங்கரம். பாயசம் வச்சேன். அடி பிடிச்சுப் போச்சு. அதனாலயும் நீ வராதது நல்லது.

வில்லுப்பாட்டுக்காரி நல்லா படிச்சா. சாமி கொண்டாடி அருள் வந்து நல்லா ஆடுனாரு. மஞ்சத்தண்ணி ஊத்துனாவ. மத்தியானம் மைக் செட்டுல கொஞ்ச நேரம் கரண்டுக் கோளாறு. வேற ஒண்ணும் இல்ல.

ஒன் பென் டிரைவு கடுகு டப்பாவுல பத்திரமா இருக்கு. யாரும் தொடல. நானும் வெளிய எடுக்கல. எதுக்குச் சொல்லுதேன்னா, நீ கேட்டுருவியோன்னு. கேப்பேன்னு இல்ல. கேட்டா.

பதியுத வேலை எம்புட்டுல இருக்கு? திருவனந்தபுரத்துக்காரிக்கு எப்ப அனுப்பப் போறே?

சாப்பிடு.

மாமன்
தளவாய்


அம்பாசமுத்திரம்
20.8.2025

மருமகளுக்கு,

ஆவணி பொறந்தாச்சு. ஒன்ட்ட இருந்து காயிதம் இல்ல. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே? ஒன் அம்மைக்கு டீக்கடைக்காரன் போன்ல இருந்து போட்டேன். பக்கத்துல இருந்தவன் கேட்டுச் சொன்னான், நீ வேலைக்குப் போயிட்டு வாரியாம், நல்லாத்தான் இருக்கியாம். அப்ப மாமன்ட்ட மட்டும்தான் காய்ச்சலாக்கும்.

தபால்காரன் தெருவுல திரும்பும்போதே கையை விரிச்சுட்டு வாரான். "ஒம்ம மருமக ஒம்மள மறந்துட்டா வே"ங்கான்.

மைக் செட்டு சொரிமுத்துவ ஒனக்குத் தெரியும்லா? அவனை அடுத்த வருசக் கொடைக்குக் கூப்பிடாண்டாம்னு கோயில் கூட்டத்துல பேசுதாவளாம். மத்தியானம் என்னமோ ஒரு பாட்டைப் போட்டுட்டானாம். பாவம், பிள்ளகுட்டிக்காரன். என்னையக் கண்டா மொகத்தைத் திருப்பிட்டுப் போறான். ஏன்னு தெரியல.

ரெண்டு வரி எழுது. நல்லா இருக்கேன்னு ஒரு வரி, ஏசுததுக்கு ஒரு வரி.

மாமன்
தளவாய்


திருநெல்வேலி டவுண்
1.9.2025

மாமாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

கொடைக்கு நான் வந்திருந்தேன்.

லேபில் கூட வேலை பார்க்கும் பிரியதர்ஷினியிடம் அன்றைய வேலையை மாற்றிக்கொண்டு, உங்களிடம் சொல்லாமல் வரலாம் என்று பத்து மணி பஸ்ஸில் ஏறினேன். கோயிலுக்கு எதிரே வளையல் கடைப் பக்கத்தில் நின்று உங்களைத் தேடினேன். வில்லுப்பாட்டுக்காரர்கள் டீ குடிக்க எழுந்தார்கள். நீங்கள் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துச் சொரிமுத்து அண்ணன் கையில் கொடுத்தீர்கள். சிரித்துக்கொண்டு கொடுத்தீர்கள். அடுத்த நிமிடம் நாலு குழாய் ஸ்பீக்கரிலும் என் கித்தார்.

சொரிமுத்து அண்ணன் ஆம்ப்ளிஃபயர் எரிகிறது என்று நினைத்து வயரைப் பிடுங்க ஓடினார். குழந்தைகள் காதைப் பொத்தின. சாமி கொண்டாடி வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். கொடையை நடத்தும் தேவேந்திரன் மாமா வந்து, "எவம்லே இதைப் போடச் சொன்னது?" என்று கேட்டார். சொரிமுத்து அண்ணன் உங்களைக் கை காட்டினார்.

"காது அவிஞ்சவன்ட்ட வந்து பாட்டைப் பத்திக் கேக்கியே வே! எவனோ நாய் வாலுல தகர டப்பாவக் கட்டி ஓட விட்டுருக்கான்" என்று சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள்.

பக்கத்தில் நின்ற பெண்கள் என்னிடமும் ஏதோ கேட்டார்கள். அதை விடுங்கள். ஒன்றே முக்கால் பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

பிறகு கடுகு டப்பா என்று எழுதினீர்கள்.

நான் அன்றிலிருந்து பீரோவைத் திறக்கவில்லை. மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

சுகன்யா


அம்பாசமுத்திரம்
6.9.2025

அம்மா சுகன்யாவுக்கு,

ஒன் காயிதம் வந்துச்சு. நல்லா இருக்கேன்னு எழுத கை வரல.

நீ எழுதுனது அம்புட்டும் நெசம். ஒரு சொல்லு கூடுதல் இல்ல. ஒண்ணு ரெண்டு குறையக்கூட எழுதியிருக்கே. நாய் வாலுக்குப் பொறவு இன்னொண்ணும் சொன்னேன். அதை இங்கன எழுத மாட்டேன்.

எதுக்குக் குடுத்தேன்னு சொல்லுதேன். நம்புனா நம்பு. தகர வியாபாரி வீட்டுக் கல்யாணம்னு ஒனக்கு எழுதுனேனே, அது பொய்யி. கட்டில்ல மல்லாந்து படுத்துக் கேட்டது மட்டும் நெசம். முதுகுத்தண்டு வழியா மேல ஏறி பல்லு வரைக்கும் வந்துச்சு. காது போனதுக்குப் பொறவு ஒரு பாட்டு முழுசா எனக்குள்ள வந்தது அதுதான். நல்லா இருந்துச்சு சுகன்யா. நல்லா இருக்குன்னு எழுத வெக்கமா இருந்துச்சு. நான் எவனையும் நல்லா இருக்குன்னு சொல்லிப் பழகல. ஒன் அத்தை இருந்த காலத்துல அவகிட்டயே கொழம்பு நல்லா இருக்குன்னு ஒரு நாள் சொன்னதில்ல. கிண்டல் பண்ணுவேன், அவளாப் புரிஞ்சுக்கிடுவா.

எனக்கு நல்லா இருந்தது ஊருக்கும் நல்லா இருக்கும்னு நெனச்சேன். எல்லாரும் வாயைப் பொளந்துட்டு யாரு யாருன்னு கேப்பாவ, அப்ப பைய எந்திரிச்சு என் தங்கச்சி மக வாசிச்சதுன்னு சொல்லணும்னு ரெண்டு நாளாச் சட்டைப் பையில வச்சிட்டு அலைஞ்சேன். நீ வேண்டாம்னு சொன்னது மறக்கல. மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். என் ஆசை பெருசாத் தெரிஞ்சுது.

அங்கன போட்டப்போ அது கட்டில்ல வந்த சத்தமா இல்ல. குழாயி எனக்கே பல்லக் கூசுச்சு. எல்லாரு மொகமும் மாறிப் போச்சு. தேவேந்திரன் கேட்டதும் வாயி தன்னால போயிருச்சு. இத்தனை வருசமா அடுத்தவனப் பாத்துச் சிரிக்க வச்சே காலத்தைத் தள்ளிட்டேன். நாலு பேரு என்னையப் பாத்துச் சிரிச்சா எப்படி நிக்கணும்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கு நிக்கல. ஒன்னைய முன்னால தள்ளிவிட்டுட்டு நான் ஒளிஞ்சுக்கிட்டேன். காதைக் காட்டி ஒளிஞ்சேன். அது இன்னும் கேவலம்.

நீ வளையல் கடைகிட்ட நின்னேன்னு வாசிச்சதுல இருந்து சோறு எறங்கல. நீ சாப்பிடாமப் போனதை நெனச்சு.

மன்னிக்கச் சொல்லல. பீரோவத் தொற. என்னால அது மூடிக் கெடக்கக் கூடாது.

தளவாய்


அம்பாசமுத்திரம்
21.9.2025

அம்மா சுகன்யாவுக்கு,

நீ பதில் போடலைன்னு இதை எழுதல. ஒனக்குத் தெரியாம ஒன் சோலியில இனிமே ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு எழுதுதேன்.

முந்தாநேத்து வெள்ளிக்கிழமை கோயில்ல கொடைக்கு வரி குடுக்குதவங்க கூட்டம். சொரிமுத்து விசயத்தை முடிவு பண்ணக் கூடியிருந்தாவ. நான் போயி நடுவுல நின்னேன்.

"அன்னைக்கு அதைக் குடுத்தது நாந்தான். சொரிமுத்து மேல தப்பில்ல"ன்னேன்.

தேவேந்திரன் எழும்பிட்டான். "பொறவு ஏம் வே அன்னைக்குக் காது கேக்கலைன்னீரு?"

"காது கேக்கலதான். வாயி நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

"பாட்டு யாரு அடிச்சது?"

"அதச் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"அவங்ககிட்ட நான் கேக்கல. கேக்காம ஒருக்க செஞ்சதே போதும்."

பொறவு பின்னால இருந்து எவனோ, "வேற யாரு வே, இவரேதான் அடிச்சிருப்பாரு! மாஞ்சோலையில கெடந்து கத்துக்கிட்டாரு போல!"ன்னான். அம்புட்டுதான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கி. தேவேந்திரனும் சிரிச்சுட்டான். கார்த்திகை வரைக்கும் கோயில் வெளக்குக்கு எண்ணெய் நான் ஊத்தணும், வெள்ளிக்கெழம தோறும் வாசலைக் கூட்டணும்னு தீர்ப்பு. சொரிமுத்துதான் அடுத்த கொடைக்கும் மைக் செட்டு. அவன் இன்னும் மொகத்தைத் திருப்பிட்டுத்தான் போறான். போகட்டும்.

இப்ப டீக்கடைக்குப் போனா, "வாரும் கித்தாரு, சீனி போடவா?"ங்கான். சின்னப் பயலுவ என்னையக் கண்டா கையை வயித்துல வச்சு ஆட்டுதானுவ. நான் அடிக்கலைன்னும் சொல்லல, அடிச்சேன்னும் சொல்லல. தீர்ப்பு சொன்ன அன்னைக்கே வெளக்குமாத்தோட கோயில் வாசல்ல நிக்கேன், ஒரு பய கேக்கான், "இதுல எத்தன கம்பி தாத்தா?"ன்னு. பழைய தளவாயா இருந்தா அவன் அப்பனையும் சேத்து மடக்கியிருப்பேன். குனிஞ்சு கூட்டிட்டு வந்துட்டேன்.

மாசக் கடைசிக்கு ஒம்பது நாளுதான் இருக்கு. திருவனந்தபுரத்துக்கு எழுதுனியா? எனக்குச் சொல்லாண்டாம். எழுதுனாச் சரி.

ஒடம்பப் பாத்துக்கோ.

தளவாய்


திருநெல்வேலி டவுண்
4.10.2025

அன்புள்ள மாமா,

இரண்டு கடிதமும் கிடைத்தன. நான் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். நீங்களும் சாப்பிட வேண்டும். பட்டினி கிடந்தால் எண்ணெய் ஊற்றக் கை நடுங்கும்.

போன கடிதத்தில் நான் ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை.

அன்று குழாயில் சத்தம் வந்ததும் வளையல் கடைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னட்டி இது, கரண்டுக் கம்பி அறுந்து விழுந்துட்டா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற இன்னொருத்தி, "டவுண்ல இருந்து வந்துருக்கியே, இது என்ன பாட்டுட்டி?" என்றாள். நான் "தெரியலக்கா" என்று சொன்னேன். காதைக்கூடப் பொத்திக்கொண்டேன், மாமா. மற்றவர்களைப் போலவே. தேவேந்திரன் மாமா உங்களிடம் வந்து கேட்டது அதற்குப் பிறகுதான். உங்களுக்கு முந்தி நானே தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அதை எழுதாமல், உங்கள் தப்பை மட்டும் எழுதி, கீழே மருந்து சாப்பிடுங்கள் என்றும் எழுதி அனுப்பினேன். உங்கள் பதிலைப் படித்தபோது எனக்குத்தான் தலை நிமிரவில்லை. நீங்கள் கூட்டத்தின் நடுவில் போய் நின்றீர்கள். நான் இந்த மாடியில் உட்கார்ந்து இரண்டு மாதம் உங்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். கோபமாக இருப்பது சுலபமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று ஊர் முகம் சுளித்ததில் நியாயம் இருந்தது. குழாயின் வழியே கேட்டபோதுதான் புரிந்தது, என் பதிவில் கிழிசல் மட்டும்தான் இருந்தது; கித்தார் இல்லை. தெரிந்தவர்கள் சொன்னதையெல்லாம் கேட்காமல் திருகை முழுக்கத் திருப்பி வைத்தவள் நான். செப்டம்பர் இருபத்து நாலாம் தேதி பீரோவைத் திறந்தேன். கிழிசலைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தேன். அறையில் கேட்க சப்பென்று இருந்தது, பயமாக இருந்தது. பதிந்து கேட்டால் கம்பி கம்பியாகத் தெரிந்தது. அதே வாசிப்பை இன்னொரு தடவை வாசித்து மறுபக்கத்தில் வைத்தேன். நான் தவறிய இடங்கள் எல்லாம் இப்போது நன்றாகக் கேட்கின்றன. முன்னால் கிழிசலுக்குள் ஒளிந்து கிடந்தன. பதினேழு தடவை திரும்ப வாசித்தேன். பட்டாபி சார் மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார்.

இருபத்தெட்டாம் தேதி ஸ்டெபிக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.

உங்களுக்கு இப்போது அனுப்பவில்லை. கோபத்தினால் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

இத்துடன் தேவேந்திரன் மாமாவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. நீங்கள் முதலில் படியுங்கள், பிறகு அவரிடம் கொடுத்துவிடுங்கள். டீக்கடையில் சத்தமாக வாசிக்க வேண்டாம். வாசித்தாலும் பரவாயில்லை.

உங்கள் மருமகள்
சுகன்யா


மதிப்பிற்குரிய தேவேந்திரன் மாமாவுக்கு,

தாங்களும் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.

ஆடிக் கொடையன்று மதியம் மைக் செட்டில் கேட்டது என்னுடைய கித்தார். தளவாய் மாமா வாசித்ததாக ஊரில் பேசிக்கொள்வதாகத் தெரிந்தது. மாமாவுக்குக் கித்தாரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது.

அன்று நான் வளையல் கடைப் பக்கத்தில்தான் நின்றேன். கேட்டவர்களிடம் தெரியாது என்று சொன்னேன். தெரிந்தேதான் சொன்னேன்.

சத்தம் நன்றாக இல்லை என்று நீங்கள் எல்லாரும் நினைத்தது சரி. அது சொரிமுத்து அண்ணனின் ஆம்ப்ளிஃபயர் செய்த தப்பு இல்லை. பதிந்ததிலேயே தப்பு இருந்தது. பதிந்தது நான்.

ஐப்பசி மாத எண்ணெயை நான் வாங்கித் தருகிறேன். வெள்ளிக்கிழமை எனக்கு வேலை. அதனால் ஞாயிற்றுக்கிழமை வந்து வாசல் கூட்டலாமா என்று தளவாய் மாமாவிடம் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அந்தக் கித்தாரை வாசித்தவள்,
சந்தனமாரி மகள் சுகன்யா